ஏசுவடியாள் இறங்க வேண்டிய இடம்

1

1984ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் ஏழாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். சங்கரன்கோவிலில் வானம் வெளிறிய நீலம். மேற்கே மலைப்பக்கம் மட்டும் ஒரு துண்டு மேகம். கீழ்காற்று, சன்னல் கதவை அசைக்கும் அளவுக்கு உண்டு. சாத்தும் அளவுக்கு இல்லை.

இவ்வளவும் உண்மை. சரிபார்க்கக்கூடிய உண்மைகளை முதலில் கொடுத்துவிட்டால், சரிபார்க்க முடியாதவற்றையும் வாசகர் ஏற்றுக்கொள்வார் என்பது இக்கதையை எழுதுபவரின் எதிர்பார்ப்பு.

இது எழுதப்பட வேண்டிய கதை அன்று என்பதை இப்போதே சொல்லிவிடுவது முறை. எழுதப்பட வேண்டியது வேறொரு கதை. அதில் ஏசுவடியாள் என்னும் பெண் திருவேங்கடத்தில் பேருந்திலிருந்து இறங்க வேண்டும். அவள் நவம்பர் மாதத்திலிருந்து இறங்கவில்லை. எழுதுபவர் முதலில் ‘பேருந்து வந்தது’ என்று எழுதினார். வந்த பேருந்து நிற்க வேண்டுமே என்று ‘பேருந்து வந்து நின்றது’ என்று மாற்றினார். வராத பேருந்து எப்படி நிற்கும், ஆகவே ‘வந்து’ மிகை என்று அடித்தார். ‘பேருந்து நின்றது’ என்பது பழுதாகி நின்றதுபோல் ஒலித்தது. நவம்பரின் முதல் சனிக்கிழமை இப்படிப் போயிற்று. டிசம்பரின் முதல் சனிக்கிழமையும் போயிற்று. ஏசுவடியாள் மடியில் பையை வைத்துக்கொண்டு, சன்னலோரத்தில், கருப்பட்டிப் பொட்டலம் நசுங்காமல் இருக்க முழங்கையை விலக்கியபடி உட்கார்ந்தே இருக்கிறாள்.

எழுதுபவரின் பெயர் ஞானதீபம். இவ்வூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. ‘நான்’ என்றே எழுதியிருக்கலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். எழுதிப் பார்த்ததுண்டு. ‘நான்’ என்று தொடங்கினால் தன்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. இரக்கம் வந்தால் வாக்கியம் நீண்டுவிடுகிறது. ஆகவே உட்கார்ந்து எழுதும்போது அவர் ‘எழுதுபவர்’. எழுந்து நடமாடும்போது ‘ஞானதீபம்’. இருவரும் ஒருவரே. குழப்பத்துக்கு இடமில்லை.

2

அவர் உட்கார்ந்திருப்பது ராஜபாளையம் சாலையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியறை. பழுதான தட்டச்சுப் பொறிகளையும் தீர்ந்துபோன நாடாச் சுருள்களையும் போட்டுவைக்கும் அறை. சனிக்கிழமை பிற்பகலில் பயிலகத்துக்கு விடுமுறை. இரண்டு மணிமுதல் ஆறு மணிவரை இந்த மேசையும் நாற்காலியும் ஒருவருக்கு உரியவை. இன்று அவருக்கு.

இதற்கு ‘முறை’ என்று பெயர்.

பயிலகத்தை நடத்துபவர் துரைப்பாண்டி. கதை எழுதுபவர், வயது முப்பத்தைந்து இருக்கும். அவருடைய தகப்பனாருக்கு வாசுதேவநல்லூரில் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. அங்கே தண்ணீர் ஆளுக்கு ஒரு முறையாகப் பாயும். முறை வந்தவர் மடையைத் திறந்த பிறகு வரப்பை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஆகவே அன்றைக்கு அவருடைய மாட்டைப் பிடித்துக் கட்டுவது, அவர் வீட்டுக்கு வந்தவரைப் பேருந்து ஏற்றிவிடுவது எல்லாம் அடுத்த வயல்காரரின் பொறுப்பு. அவருடைய முறையில் இவர் செய்வார்.

இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் ஒரு கதையை முடிக்காமல், நேரமில்லை, நேரமில்லை என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமையில் துரைப்பாண்டி இதைச் சொன்னார். தண்ணீர்போலத்தான் நேரமும் என்று அவர் தொடங்கிய உவமை அவ்வளவு செம்மையானதன்று. ஆனால் ஏற்பாடு செம்மையானது. ஆளுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை; அன்று அவர் மாடிக்குப் போவார். மற்ற மூவரும் அவருடைய அன்றைய வேலையைச் செய்வார்கள்.

மற்ற இருவர்:

முகம்மது மைதீன். கடையநல்லூர்க்காரர். கைலி வியாபாரி. வெள்ளி தவிர எல்லா நாளும் ஏதாவது ஒரு பேருந்தின் மேல் அவருடைய மூட்டை இருக்கும். வளைகுடா நாட்டில் இருக்கும் தம்பிக்கு உம்மா அனுப்பும் செய்திகளை எழுதி எழுதிக் கதை எழுதப் பழகியவர்.

பேச்சித்தாய். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவர். நால்வரில் இளையவர். ‘ஹலோ’ என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அவர் கதைகளில் உரையாடல் மட்டும் எழுதுபவரின் சிவப்பு மைக்கு இடம் கொடுப்பதே இல்லை.

[எழுதுபவருக்கு மைதீனைப் பற்றி ஓர் ஐயம் உண்டு. மேலே வருவதைவிடக் கீழே வரப்போவதில் அவர் மேலும் நல்லவராகத் தெரிவார். ஒரு கதையில் இவ்வளவு நல்லவர் இருக்கலாமா? தேநீரை ஓசையுடன் உறிஞ்சுவார் என்று ஒரு குறை சேர்க்கலாம் என்று நினைத்தார். உண்மையில் அப்படி உறிஞ்சுபவர் துரைப்பாண்டி. தேநீரை உரியவரிடமே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.]

3

நால்வருக்கும் விதிகள் உண்டு. விதிகளை எழுதியவர் ஞானதீபம். வேறு யார் எழுதியிருப்பார்கள் என்று வாசகர் நினைக்கிறீர்கள்?

முறைக்காரர் கதையை முடித்ததும் அதன் கடைசித் தாளில் ‘இப்படைப்பு முடிவுற்றது எனத் தீர்மானித்தேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, ஆறு மணிக்குள் மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். பெறுபவர் அதன் கீழே ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒப்படைக்கும் முன் யாரும் படிக்கக் கூடாது. ஒப்படைத்த பின் எழுதியவர் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

அடுத்தடுத்து மூன்று முறைகளில் ஒன்றும் ஒப்படைக்காதவர் முறையை இழப்பார். கூட்டத்துக்கு வரலாம், பிறர் படைப்பைக் கேட்கலாம். அவருடைய சனிக்கிழமை மற்றவருக்குப் போகும்.

இந்த விதி ஒருவர்மேல் ஏற்கெனவே பாய்ந்திருக்கிறது. சிவகிரியிலிருந்து வந்துகொண்டிருந்த சண்முகையா இப்போது வாசகர் மட்டுமே. அதுவரை விதிகளை மட்டும் எழுதிவந்த ஞானதீபத்துக்கு நவம்பரில் வந்தது அவருடைய சனிக்கிழமைதான். அறிவிப்பை ஞானதீபம்தான் எழுதினார். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத அறிவிப்பு. சண்முகையா அதைப் பாராட்டினார்.

இன்று ஞானதீபத்துக்கு மூன்றாம் முறை.

மற்ற மூவரும் பலமுறை அந்தத் தீர்மானத்தை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அந்த வாசகத்தை வகுத்தவர் மட்டும் ஒருமுறையும் இட்டதில்லை. இன்று ஆறு மணிக்குள் இடாவிட்டால், இனிச் சனிக்கிழமை பிற்பகல் என்பது திருத்த வேண்டிய ஏடுகளும் ஆட்ட வேண்டிய மாவும் மறுநாள் ஆலயத்துக்கு உடுத்தும் சேலைக்குப் போட வேண்டிய கஞ்சியும் மட்டுமே. அவை மோசமானவை என்று சொல்வதற்கில்லை. முன்பு அப்படித்தான் இருந்தது. ஆனால் மாதத்தில் நான்கு மணி நேரம் வேறுவிதமாக இருக்கும் என்பதை அறிந்த பிறகு, அறியாதவராக ஆவது எளிதன்று.

4

ஏசுவடியாள் எழுந்திரு—

(வேண்டாம். எழுந்தால் நடத்துநரோடு பேச வேண்டிவரும்.)

கரிசல் மண்ணின் மேல் மாலை வெயில்—

(இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.)

அந்தப் பேருந்தில் ஏறியபோது ஏசுவடியாளுக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. அது யாதெனின்—

(எழுதுபவருக்கும் தெரியவில்லை.)

இந்நிலையில் கீழேயிருந்து சிரிப்பொலி வந்தது. பேச்சித்தாயின் சிரிப்பு. தடைப்பட்டுத் தடைப்பட்டு, பின் நீளமாக ஒரே மூச்சில் வருவது.

கீழே நடந்துகொண்டிருந்தது ஞானதீபத்தின் வேலை. எட்டாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு, தமிழ் இரண்டாம் தாள். திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியை சுந்தரபாயிடம் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். விடுமுறை விண்ணப்பம் எழுதும் கேள்வியை மைதீனும், கட்டுரைக் கேள்வியைப் பேச்சித்தாயும் திருத்துவதாக ஏற்பாடு. துரைப்பாண்டி ஞானதீபத்தின் வீட்டில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தார்.

அரையாண்டுத் தேர்வு ஏடுகளில் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்க முடியாது. இதை ஞானதீபம் ஆண்டுக்கணக்கான அனுபவத்தில் அறிவார். அவர் பேனாவை மூடினார். தண்ணீர் குடிப்பதற்காகக் கீழே போகிறோம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மாடியறையிலேயே கூசாவில் தண்ணீர் இருந்தது.

5

உறை போட்ட தட்டச்சுப் பொறிகளுக்கு நடுவே இரண்டு அடுக்குகளாக ஏடுகள். மேலேயிருந்த ஏட்டை ஞானதீபம் எடுத்தார். ஷம்சாத் பேகம், வகுப்பில் முதல் மாணவி. விண்ணப்பத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், இடம் யாவும் உரிய இடத்தில் இருந்தன. ‘எனக்கு நேற்றிரவு முதல் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் இருப்பதால் இரண்டு நாள்கள் விடுமுறை அளிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.’

பத்துக்கு மூன்று. கீழே சிவப்பு மையில், மைதீனின் சாய்ந்த எழுத்தில்: ‘இதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு காய்ச்சலும் இல்லை.’

அடுத்த ஏடு. பத்துக்கு மூன்று. ‘முன்னவருக்கு வந்த அதே காய்ச்சல்.’

அடுத்தது. பத்துக்கு இரண்டு. ‘தொற்றுநோய்.’

“பாய், இது என்ன?”

மைதீன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் உழைத்தவரின் நிறைவு இருந்தது.

“நானே கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். உங்க வகுப்புப் பிள்ளையளுக்குக் காய்ச்சலத் தவிர வேற சீக்கே வராதா? அம்புட்டுப் பேருக்கும் நேத்து ராத்திரிதான் வந்திருக்கு. அம்புட்டுப் பேருக்கும் ரெண்டே நாள்ல சரியாயிரும். நம்புத மாதிரியா இருக்கு?”

“நான் அப்பவே சொன்னேன்க்கா,” என்றார் பேச்சித்தாய். “பரீட்சைப் பேப்பர்ல நம்புத மாதிரி இருக்கா இல்லையான்னெல்லாம் பாக்கப்படாதுன்னு.”

“எம்மா, நீ செஞ்சதையும் காட்டு.”

பேச்சித்தாய் திருத்தியவை ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்னும் கட்டுரைகள். ஒன்றின் ஓரத்தில், ‘தேர் நிலைக்கு வருமுன்பே கூட்டத்தைக் கலைத்துவிட்டாய், முடிவு அவசரம்’ என்றிருந்தது. இன்னொன்றில், ‘இரண்டாம் பத்தியில் தொலைந்த தங்கை என்ன ஆனாள்?’ என்று கேட்டு, ஐந்து மதிப்பெண் குறைத்திருந்தார்.

“அதுக்கு ஏன்மா அஞ்சு மார்க்?”

“கெடச்சாளா இல்லையான்னே சொல்லாம ராட்டினத்தப் பத்தி எழுதப் போயிட்டாக்கா. எனக்கு மனசே ஆறல.”

கதை எழுதுபவர்களிடம் தேர்வு ஏட்டைக் கொடுக்கக் கூடாது என்பது அப்போதுதான் விளங்கியது. வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும், வடிவம் சரியா, கையெழுத்துத் தெளிவா என்று பார்த்து மதிப்பெண் போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர்கள் இருவரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் கதையை ஒருவர் எப்படிக் கேட்பார்களோ, அப்படியே எட்டாம் வகுப்பையும் கேட்டிருந்தார்கள்.

அடுக்கில் தனியாக, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில், ஓர் ஏடு இருந்தது. பத்துக்கு ஒன்பது. எழுதியவள் மாரித்தாய், கடைசி வரிசைப் பெண். விண்ணப்பத்தின் பெரும்பகுதி அடித்தல். மிஞ்சியது இது:

‘டீச்சருக்கு, எங்கள் மாடு இன்றைக்குக் கன்று போடும். அம்மா பருத்தி எடுக்கப் போய்விட்டாள். மாடு என்னைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. எத்தனை நாள் விடுப்பு என்று தெரியாது. கன்று எழுந்து நின்றதும் வந்துவிடுவேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, மாரித்தாய்.’

நாள் இல்லை, இடம் இல்லை, பொருள் இல்லை. ஞானதீபம் அதை இரண்டாம் முறையும் படித்தார்.

“ஒரு மார்க் எங்க போச்சு?”

“கடைசி வரிக்கு. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ன்னு போட்டிருக்கா பாருங்க. அது அவ எழுதுனது இல்ல டீச்சர். யாரோ எழுதிக் குடுத்தது.” மைதீன் காய்ச்சல் அடுக்கைத் தட்டினார். “இது பூராவும் அந்த யாரோதான். பிள்ளையளக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல.”

6

எழுதுபவர் இந்த இடத்தில் ஞானதீபத்தின் முகத்தை விவரிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் பயிலகத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடி கிடையாது. ஆகவே முகத்தை விட்டுவிட்டு, அவர் சொன்னதை மட்டும் எழுதலாம்.

“யாரோ இல்ல பாய். நான்தான். கரும்பலகையில எழுதிப் போட்டதே நான்தான். காய்ச்சலும் என்னோடதுதான்.”

மைதீன் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் இடக்கையிலேயே இருந்தது. பேச்சித்தாய் உறை போட்ட தட்டச்சுப் பொறி ஒன்றின் உறையைச் சரிசெய்தார்.

வாசகர் இங்கே ஒரு வருத்தத்தை எதிர்பார்க்கலாம். எழுதுபவரும் எதிர்பார்த்தார். பிழையின்மைக்காக மட்டுமே இதுவரை பாராட்டப்பட்டவர் அவர். பாராட்டியவர்கள் கல்வி அதிகாரி, போதகர், சண்முகையா ஆகியோர். பிழையில்லாத ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, ‘இதில் யார் இருக்கிறார்கள்?’ என்று யாரும் கேட்டதில்லை. மைதீன்கூடத் தெரிந்து கேட்கவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார், டீச்சர்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. தெரியாததால்தான் உண்மையைச் சொல்ல முடிந்தது.

நடந்தது என்னவென்றால், ஞானதீபம் சிரித்தார். முதலில் சிறிதாக. பிறகு ‘தொற்றுநோய்’ என்ற சொல்லின் மேல் கண் மறுபடி விழவே, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மூணு மார்க்காவது போட்டீங்களே பாய்.”

“கையெழுத்து நல்லாருந்துச்சு,” என்றார் மைதீன், இன்னும் தலை நிமிராமல்.

7

அப்போது துரைப்பாண்டி வந்தார். கையில் மாவு காய்ந்து வெண்மையாக இருந்தது. மாவாட்டி முடிந்ததென்றும், உப்பை மட்டும் டீச்சர் வந்துதான் போட வேண்டுமென்று அண்ணாச்சி சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். அண்ணாச்சி என்பது ஞானதீபத்தின் கணவர் ஜீவரத்தினம். மின்வாரியத்தில் கணக்கர். உப்பு விஷயத்தில் யாரையும் நம்பாதவர்.

“எதுத்த வீட்டு அம்மா எட்டிப் பாத்து, ‘என்ன, புது வேலக்காரனா’ன்னாவ. அண்ணாச்சி, ‘இல்ல, எழுத்தாளரு’ன்னாவ. ‘ஏதோ ஒண்ணு, மாவ நைசா ஆட்டச் சொல்லுங்க’ன்னுட்டுப் போயிட்டாவ.”

பிறகுதான் அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சித்தாய் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். துரைப்பாண்டி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கரை தாண்டியிருந்தது.

ஞானதீபம் ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டு, காய்ச்சல் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும். சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதிய பிள்ளைகளுக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பது அநியாயம். இதை முடிக்க ஆறு மணிக்கு மேலாகும். ஆனால் ஆகட்டும். முறை போனால் போகட்டும். விதி என்றால் விதிதான். கேட்பவராக இருப்பதும் ஒரு வேலையே; சண்முகையா நன்றாகத்தானே இருக்கிறார்.

[மேலேயுள்ள கடைசி ஐந்து வாக்கியங்களும் ஞானதீபம் நினைத்தவை. எழுதுபவர் அவற்றில் ஒன்றையும் நம்பவில்லை.]

மைதீன், “அடுத்த சனிக்கிழமை என் முறை,” என்றார். “அத எடுத்துக்கிடுங்க டீச்சர். நான் பெறவு பாத்துக்கிடுதேன்.”

இதைச் சாதாரணமாகச் சொன்னார். ஆனால் அங்கிருந்த நால்வருக்கும் அது என்னவென்று தெரியும். தம்பியைப் பற்றிய கதை ஒன்றை அவர் பாதியில் வைத்திருந்தார். மாதத்தில் அந்த ஒரு பிற்பகலுக்காக மூட்டையைத் திருவேங்கடத்தில் ஒரு கடையில் போட்டுவிட்டு வருகிறவர் அவர்.

“வேண்டாம் பாய். உங்க தம்பி காத்துக்கிட்டு இருக்காரு.”

“அவன் எங்க போயிரப் போறான்.”

“என் ஏசுவடியாளும் எங்கயும் போகல. அதான் கஷ்டமே.”

துரைப்பாண்டி குனிந்து, ஞானதீபத்தின் மடியிலிருந்த ஏடுகளை எடுத்தார். கேட்டுவிட்டு எடுக்கவில்லை. சேலையில் மாவு ஒட்டியது.

“எங்க ஊர்ல முறைக்காரன் வரப்ப விட்டு எறங்குனா ஏச்சு விழும். உங்களுக்குங்கிறதால சும்மா இருக்கேன். மேல போங்க டீச்சர்.”

“மார்க்கு?”

“என்ன போடணும்னு சொல்லிட்டுப் போங்க.”

ஞானதீபம் எழுந்தார். “காய்ச்சலுக்கெல்லாம் பத்து. கன்னுக்குட்டிக்கும் பத்து. தங்கச்சி தொலைஞ்சதுக்கு அந்த அஞ்சையும் திருப்பிக் குடுத்துருங்க.”

“ஓரத்துல எழுதுனதெல்லாம்?” என்று பேச்சித்தாய் கேட்டார். “செவப்பு மைக்கா. அழிச்சா பேப்பர் கிழிஞ்சிரும். சுந்தரபாய் டீச்சர் பாத்தாவன்னா?”

“இருக்கட்டும். கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். பிள்ளைங்களும் படிக்கட்டும். எனக்குப் பத்து மார்க் குடுத்துட்டு, அடியில ஒருத்தர் உண்மையும் எழுதியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.”

மாடிப்படியில் ஏறும்போது பேச்சித்தாயின் குரல் பின்னால் வந்தது: “அக்கா, அந்தத் தங்கச்சி கெடச்சாளான்னு மட்டும் திங்கக்கெழம அந்தப் பிள்ளகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

8

இனி முடிவு.

எழுதுபவரிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. முதலாவதில், ஆறு மணி அடிக்கிறது; தாள் வெறுமையாக இருக்கிறது; ஞானதீபம் கீழே வந்து, தம் முறையிழப்புக்கான அறிவிப்பைத் தாமே எழுதுகிறார், பிழையின்றி. இது நல்ல முடிவு. ஆனால் வடிவம் அதிகம், காய்ச்சல் இல்லை.

இரண்டாவதில், திங்கட்கிழமை சுந்தரபாய் அந்தச் சிவப்பு வரிகளைப் படித்து உள்ளம் மாறி, பள்ளியில் மாதிரி விண்ணப்பங்களையே ஒழித்துவிடுகிறார். எழுதுபவருக்குச் சுந்தரபாயைப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஆகவே இம்முடிவு கைவிடப்பட்டது.

மூன்றாவதில், இக்கதை ஓர் இதழில் வெளிவந்து, அதைத் திருவேங்கடத்துக்குப் போகும் பேருந்தில் ஒரு பெண் படித்துக்கொண்டே—

(வேண்டாம். அந்தப் பேருந்தில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.)

மணி ஐந்தேகால் ஆகியிருக்கும். இக்கதையின் முன்பகுதிகளில் சில, முதலில் எழுதக் கருதிய கதைக்கான தாள்களின் பின்பக்கத்தில் இருக்கின்றன. மற்றவை, படியேறி வந்ததிலிருந்து எழுதப்பட்டவை. எழுதுபவர் இவ்வளவு விரைவாக இதுவரை எழுதியதில்லை. திரும்பிப் படிக்கவும் இல்லை. படித்தால் இரண்டாம் பகுதியிலுள்ள ‘மேலும்’ என்ற சொல்லை எடுக்கத் தோன்றும். அதை எடுத்தால் அடுத்த வாக்கியம் தளரும். ஆறு மணி அடித்துவிடும். ஆகவே அது அங்கேயே இருக்கும். வாசகர் பொறுத்தருள்க, அல்லது பொறுக்காமல் இருக்கவும் உரிமை உண்டு.

கீழே துரைப்பாண்டி தேநீர் உறிஞ்சும் ஓசை கேட்கிறது. ஒரு பேனாவின் கீறலும் கேட்கிறது. மூன்றைப் பத்தாக்குவது எளிதன்று. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். மைதீன் ஏதோ சொல்கிறார், பேச்சித்தாய் சிரிக்கிறார். அந்த மூவரும் தமக்குரிய ஒரு சனிக்கிழமையில், வேறொருத்தியின் வகுப்புக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு, மாவு காய்ந்த கையோடு கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். மாடியில் எழுதப்படுவது நன்றாக இருக்கும் என்பதற்கு அவர்களிடம் எந்தச் சான்றும் இல்லை. நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவும் இல்லை. எழுதப்பட வேண்டும் என்பதே ஏற்பாடு.

இதைப் புரிந்துகொள்ள எழுதுபவருக்கு மூன்று முறைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

9

பேருந்து வந்து நின்றது.

(‘வந்து’ இருக்கட்டும்.)

ஏசுவடியாள் எழுந்தாள். நவம்பரிலிருந்து மடித்து வைத்திருந்த கால் மரத்துப்போயிருந்தது. கருப்பட்டிப் பொட்டலத்தின் ஒரு மூலை நசுங்கித்தான் இருந்தது. நடத்துநர், “எறங்குறவங்க எறங்குங்க, எம்புட்டு நேரம்,” என்றார். அவள் கம்பியைப் பிடித்து, முதலில் பையை இறக்கி, பிறகு தான் இறங்கினாள். திருவேங்கடத்தில் அப்போது வெயில் இருந்ததா, மேகம் இருந்ததா என்று எழுதுபவர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

அவள் யாரைப் பார்க்க வந்தாள், கருப்பட்டி யாருக்கு, அவர்கள் வீட்டில் இருந்தார்களா என்பவை எழுதுபவருக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்ததால்தான் அவள் இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தாள். வாசகர் அந்த வழியாகப் போகிறவரானால் அவளோடு கொஞ்சம் நடக்கலாம். கால் மரத்திருப்பதால் மெதுவாகத்தான் நடப்பாள்.

மணி ஆறாகப் போகிறது. சன்னலுக்கு வெளியே மேற்கிலிருந்த துண்டு மேகம் இல்லை. எழுதுபவர் இத்தாளை எடுத்துக்கொண்டு கீழே போக வேண்டும். ‘ஒப்படைத்தார்’ என்று இங்கே எழுத வழியில்லை. தாள் இன்னும் கையில் இருக்கிறது. கையைவிட்டுப் போன பிறகு அதில் எழுத அவருக்கு உரிமையில்லை. ஆகவே அந்த வாக்கியத்தை வேறொருவர்தான் எழுத வேண்டும்.

இப்படைப்பு முடிவுற்றது எனத் தீர்மானித்தேன்.

ஜீ. ஞானதீபம்

பெற்றுக்கொண்டேன். மணி ஆறடிக்கக் கொஞ்சம் இருக்கிறது. டீச்சர் தாளின் மூலையை உடனே விடவில்லை. ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் பார்த்தேன். பிழை இரண்டு இருக்கிறது. காய்ச்சலும் இருக்கிறது.

கா. முகம்மது மைதீன்